தொண்ணூறு வெள்ளி இருட்டு

கொக்கி அவள் கையில், டேப்பின் உடம்பு என் கையில்.
ஜன்னல் பக்கம் இரண்டு தொண்ணூற்றேழு.
கதவுப் பக்கம் மூன்று பூஜ்யம் இரண்டு.
"சரியாப் பிடி" என்றேன்.
"சரியாப் படிங்க" என்றாள் தமயந்தி.

மறுபடி. இம்முறை நான் கொக்கி, அவள் எண்.
அதே இரண்டு தொண்ணூற்றேழு,
அதே மூன்று பூஜ்யம் இரண்டு.
புக்கிட் பாத்தோக், பதினோராவது மாடி.
பதினான்கு வருடமாகச் சேமநிதியிலிருந்து
மாதம் தவறாமல்
ஒரு செவ்வகத்துக்குத்தான் கட்டிவருகிறேன்
என்று நினைத்திருந்தேன்.

எதிர்வீட்டு ரோஸ்லான் லேசர் கருவி கொடுத்தார்.
சுவரில் ஒரு சிவப்புப் பொட்டு விழுந்தது.
பூனை அதன்மேல் பாய்ந்தது.
பூனையின் முதுகுவரைக்கும்
ஒன்று புள்ளி நாற்பத்து நான்கு.
பூனையை வெளியே விட்டுக் கதவைச் சாத்தி
மூன்றாம் முறை அளந்தோம்.
கருவிக்கும் எங்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை.
ஐந்து சென்டிமீட்டர் எங்கோ போயிருந்தது,
நாங்கள் குடிவருவதற்கு முன்பே.

ஐந்து சென்டிமீட்டர் என்றால் என்ன,
ஒரு தீப்பெட்டி.
சண்டை இல்லாத இரவில்
கட்டிலில் எங்களுக்கு நடுவே கிடக்கிற இடம்.

ஊபியில் கடை வைத்திருக்கும் திரு குவெக்
கைப்பேசியில் சிரித்தார்.
எந்த வீட்டுச் சுவரும் நேராக இல்லை,
எப்போதும் பெரிய எண்ணை எழுது,
அதற்கு மேல் பத்து விழுக்காடு கூட்டு,
வெட்டும்போது வீணாகும் என்றார்.
"சேதாரம்" என்றாள் தமயந்தி,
நகைக்கடையில் பிதுக்குகிற அதே உதட்டோடு.
"செய்கூலி உண்டான்னு கேளுங்க."
உண்டு.

தகராறு அலமாரியில் வந்தது.
வீட்டோடு வந்த அலமாரி.
வர்ணம் பூச வந்தவர்கள்கூட
அதைச் சுற்றிப் பூசிவிட்டுப் போனார்கள்.
அறுபதுக்கு இருநூற்று நாற்பது,
அதாவது பதினைந்தரைச் சதுர அடி,
அடிக்கு ஐந்து எண்பது,
ஆக தொண்ணூறு வெள்ளி.
"அதுக்கு அடியில யாரு நடக்கப் போறா?"
"அடியிலயும் போடணும்."
"தொண்ணூறு வெள்ளியை இருட்டுக்குக் கொடுக்கணுமா?
யாருக்குத் தெரியப் போவுது?"
"எனக்குத் தெரியும்."

இதற்கு மேல் கணக்கில் பேச ஒன்றுமில்லை.
குப்புறப் படுத்து, கைப்பேசி வெளிச்சத்தில்
அலமாரிக் கால்களுக்கு இடையே
டேப்பைத் தள்ளினேன்.
பூட்டு பழுதான டேப்,
சடாரென்று திரும்பி வந்து
ஆள்காட்டி விரலைக் கீறியது.
தூசி. காலாவதியான ஓர் ஈசிலிங்க் அட்டை.
அப்புறம், சுவரின் அடியில்,
பென்சிலில், ஒன்பதடி பத்தங்குலம்.
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

வீட்டை எங்களுக்கு விற்றவரை
தோ பாயோ அலுவலகத்தில்
கையெழுத்துப் போட்ட இருபது நிமிடம்தான் தெரியும்.
நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவிட்டு
அதைத் தேடிக்கொண்டிருந்தார்.
மீட்டருக்கு மாற்றிப் பார்த்தேன்,
எங்கள் இரண்டு எண்களுக்கும் நட்டநடுவில்.
அவரும் இரண்டு சுவரையும் அளந்திருக்கிறார்,
யாரோ ஒருத்தியிடம் சரியாப் பிடி என்றிருக்கிறார்,
கடைசியில் பாதியாகப் பங்கிட்டு
அலமாரியை இழுத்து மறைத்துவிட்டார்.
விற்பனைப் படிவத்தில்
அதற்கென்று கட்டம் ஏதும் இல்லை.

"என்ன இருக்கு அங்க?"
சொன்னேன். அவளும் பக்கத்தில் படுத்தாள்.
கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தால்
எங்கள் அறை ரொம்ப நீளமாக இருந்தது.
"அவரு அடியில போட்டிருக்காரா?"
வெளிச்சத்தை நகர்த்தினேன்.
அலமாரியின் விளிம்புக்கு நாலு விரல் உள்ளே
ஓடுகள் நின்றுவிட்டன.
அப்பால் வெறும் சிமென்ட்,
பதினான்கு வருடமாக எங்கள் பட்டுப்புடவைகளுக்கும்
என் ஒரே கோட்டுக்கும் கீழே.

அவள் எதுவும் சொல்லவில்லை.
நல்ல வேளை, சொல்லவில்லை.

படுத்தபடியே திரு குவெக்கை அழைத்தேன்.
அடியிலும் போடுங்கள் என்றேன்.
சிமென்ட்டா, அப்படியானால் மட்டம் செய்யணும்,
இன்னும் நாற்பது என்றார்.
ஆக, இருட்டு நூற்று முப்பது.
தமயந்தி என் விரலைப் பிடித்து
ரத்தம் நின்றுவிட்டதா என்று பார்த்தாள்.
வெளியே விட்ட பூனை
கதவைச் சுரண்டிக்கொண்டே இருந்தது.